சிப்பி வேளாண்மையும் நம் ஆற்று நீரும்

(அம்பத்தூரில் நடைபெற்ற சங்கத் திங்கட்கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று யாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் சிப்பி வேளாண்மை என்பது. ஏரிகளும் ஆலைகளும் சூழ்ந்த இவ்வூரில் வாழும் நமக்குக் கடற்சிப்பியோடு யாது உறவு என்று சிலர் எண்ணுதல் கூடும். உறவு உண்டு. இங்கே வீற்றிருக்கும் முதியோர் சிலர் மடியில் வெற்றிலைப் பை இருக்கிறது. அதனுள் சுண்ணாம்புச் சிமிழ் இருக்கிறது. கிளிஞ்சலைச் சுட்டு எடுத்த சுண்ணாம்பே வெற்றிலைக்கு உகந்தது என்பது நம் பாட்டிமார் கொள்கை. சென்னையின் பழைய மாளிகைகளில் பளிங்குபோல் மின்னியதும், ஐரோப்பியர் கண்டு வியந்ததுமான சுவர்ப்பூச்சும் கிளிஞ்சற் சுண்ணாம்பினால் ஆயதே. ஆகவே ஓட்டினை நாம் நெடுங்காலமாக அறிவோம். ஓட்டினுள் வாழ்ந்த உயிரைப் பற்றியே நம்மிற் பலர் நினைத்ததில்லை.

தமிழில் இவ்வுயிர்க்குப் பெயர்கள் பல. இப்பி என்பது பழஞ்சொல். சிப்பி அதனினும் பெருவழக்கு. உப்பங்கழிச் சேற்றிற் புதைந்து வாழ்வதனை மட்டி என்பர். பாறையிலும் மரத்தூணிலும் ஒட்டி வளர்வதனைத் தூத்துக்குடிப் பக்கத்தார் ஆளி என்பர். தொல்காப்பிய மரபியல், நந்தினையும் முரளினையும் ஈரறிவுயிர் என வகுத்தது. முரள் என்பதற்கு இப்பி, கிளிஞ்சில் முதலியவற்றை உரைகாரர் பொருளாகக் கொண்டனர். ஊற்றுணர்வும் சுவையுணர்வும் ஆகிய இரண்டே இவற்றிற்கு உள்ளன என்பது முன்னோர் கண்ட முடிபு. இக்கால விலங்கியலார் இதனை அப்படியே ஒப்புவர் என்று யாம் கூறவில்லை. ஆயினும், நீரைத் தொட்டும் சுவைத்துமே வாழும் உயிர் இது என்பதனை அவ்வகுப்பு எத்துணை நன்றாக உணர்த்துகின்றது!

ஆளியின் வாழ்க்கை வியப்புக்குரியது. ஆண் விந்தும் பெண் முட்டையும் நீரிலேயே கலக்கின்றன. பிறந்த குஞ்சு கண்ணுக்குப் புலப்படாத சிறுமையது. இரண்டு மூன்று வாரம் நீரில் மிதந்து திரிகின்றது. பின்னர் வன்மையான ஒரு பொருளைத் தேடித் தன் உடலிலிருந்தே சாந்து போன்றதொரு பசையைச் சுரந்து ஒட்டிக்கொள்கிறது. ஒட்டியபின் இறக்குமட்டும் இடம் பெயர்வதில்லை. வாய் திறந்து நீரை உள்வாங்கி, செவுள்களால் வடித்து, அதிலுள்ள நுண்பாசிகளை உணவாகக் கொண்டு, எஞ்சிய நீரை வெளிவிடுகிறது. வளர்ந்த ஆளி ஒன்று மணிக்குப் பல லிட்டர் நீரை இவ்வாறு வடிக்கும்.

இதனை வளர்ப்போனுடைய திறமெல்லாம் குஞ்சு ஒட்டும் பருவம் அறிந்து, ஒட்டுதற்குரிய இடத்தை உரிய காலத்தில் நீரிற் கொண்டுபோய் வைப்பதில் இருக்கிறது. சுண்ணாம்பு பூசிய ஓடுகளை வைப்பதுண்டு. பழைய சிப்பியோடுகளைத் துளையிட்டுக் கயிற்றிற் கோத்து, கழியில் நாட்டிய மரச்சட்டங்களினின்று தொங்கவிடுவதும் உண்டு. தீனி இடவேண்டுவதில்லை. இறால் வளர்ப்போர் தீவனத்திற்கே பெரும்பொருள் செலவிடுகின்றனர். ஆளி வளர்ப்போனுக்கோ அலை ஏறி இறங்கும்போதெல்லாம் நீரே தீவனம் கொண்டுவந்து தருகிறது. ஓராண்டளவில் அறுவடை. உழவில்லை, உரமில்லை. ஆனால் வேலியும் இல்லை என்பதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இது நம் நாட்டிற்குப் புதிய முயற்சி அன்று. சென்னை மாகாண மீன்துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல் என்பார், பழவேற்காட்டு ஏரி ஆளி வளர்ப்பிற்கு ஏற்றதா என்று ஆராய்ந்து 1910ஆம் ஆண்டில் அறிக்கை எழுதினார். பிரெஞ்சு நாட்டின் ஆர்க்கஷோன் என்னும் கடற்கழியில் நடைபெறும் ஆளி வளர்ப்பு முறைகளைக் குறித்தும், அவற்றினின்று இந்தியா கற்க வேண்டியவற்றைக் குறித்தும் அவர் எழுதியதுண்டு. நம் கழிகளில் வளரும் ஆளிக்கு 1916இல் விலங்கியலார் இட்ட பெயரில் மதராசென்சிஸ் என்னும் அடை அமைந்தது. சென்னையின் பெயரைத் தாங்கிய உயிரைச் சென்னையார் பெரும்பாலோர் அறியாதிருப்பது ஒரு வேடிக்கை. இக்கால அறிஞர் அப்பெயரையும் மாற்றிவிட்டனர்.

ஹார்னெல் காலத்து முயற்சி நாட்டில் வேரூன்றவில்லை. 1947இல் மண்டபத்தில் தொடங்கப்பெற்ற மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் தூத்துக்குடியில் இதனை மீண்டும் கையிலெடுத்தனர். 1973இல் அவர்கள் முத்துச்சிப்பியில் முத்து விளைவித்தனர். 1981இல் முத்துச்சிப்பிக் குஞ்சுகளைப் பொரிப்பகத்திலேயே உண்டாக்கினர். கொற்கை முத்தின் பெருமையை மேடைதோறும் முழங்கும் நாம், கடலடியிற் குளித்து முத்தெடுக்கும் தூத்துக்குடிச் சலாபம் 1961ஓடு நின்றுபோயிற்று என்பதனையும் சேர்த்துச் சொல்வது நேர்மையாகும். உண்ணும் ஆளியை வளர்க்கும் முறையும் அத்தூத்துக்குடியிலேதான் வகுத்தமைக்கப்பட்டது. ஆயினும் அதனால் பெரும்பயன் கொண்டவர் மலையாள நாட்டாரே.

அங்கே காசர்கோட்டுப் பகுதியில் படன்னா முதலிய ஊர்களில், 1990ஆம் ஆண்டுகளின் பிற்பகுதி தொட்டுப் பெண்கள் குழுவாகக் கூடிக் கல்லுமக்காய் வளர்க்கின்றனர். அதன் முறை மிக எளிது. கயிற்றைச் சுற்றிக் குஞ்சுகளை வைத்துப் பருத்தித் துணியால் பொதிந்து தைத்துக் கழியில் தொங்கவிடுகின்றனர். சில நாளில் குஞ்சுகள் தம் நூலிழைகளால் கயிற்றைப் பற்றிக்கொள்ளும். அதற்குள் துணி மட்கி நீரோடு போய்விடும். பனிக்காலத் தொடக்கத்திற் கட்டினால், மழை இறங்கி நீர் இனிப்பாவதற்குமுன் அறுவடை முடிந்துவிடுகிறது. எம் தாய்மார் இதனைக் கேட்டுப் புன்னகை செய்வது தெரிகிறது. தையல் அறிந்தார்க்கு இது ஒரு பெரிய வித்தையா!

கொல்லத்தை அடுத்த அஷ்டமுடிக் காயலில் மட்டி எடுப்போர் செய்தது இன்னும் கருதத்தக்கது. வெளிநாட்டு வாணிகம் பெருகப் பெருக மட்டியை வரைமுறையின்றி வாரத் தலைப்பட்டனர், விளைவு குன்றிற்று. அதன்பின் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, மட்டி இனம் பெருகும் காலத்தில், எடுத்தலாகாது என்றும், சிறியவை தப்பும்படி வலைக்கண் 30 மில்லிமீட்டர் இருத்தல் வேண்டும் என்றும் வரையறை செய்துகொண்டனர். 2014இல் அம்மட்டித் தொழில், உலக அளவிலான கடல் வளக் காப்பு நற்சான்றை இந்தியாவிலேயே முதன்முதலாகப் பெற்றது. எடுப்போர் கை அடங்கினால் காயல் தன்னைத் தானே நிரப்பிக்கொள்ளும் என்பதற்கு இது கண்கூடு.

இனி, இத்தொழிலின் அச்சந்தரும் பக்கத்தைக் கூறுவோம். 1981ஆம் ஆண்டில், கல்பாக்கத்தை அடுத்த வாயலூரில் மட்டி உண்ட மக்கள் 85 பேர் மருத்துவமனையிற் சேர்க்கப்பட்டனர், மூவர் இறந்தனர். அம்மட்டி அழுகியதன்று. நீரிற் சிலபோது மிகுந்து தோன்றும் நுண்பாசி வகை ஒன்று நஞ்சுடையது. அதனை மட்டி தன் வழக்கப்படி வடித்து உண்டது. நஞ்சு சதையில் தங்கிற்று. மட்டிக்கு அதனால் பெருந்தீங்கில்லை, உண்டவர்க்கோ நரம்பு செயலற்றது. இந்நஞ்சு வேகவைத்தாலும் அழிவதில்லை. ஆளியோ மட்டியோ நல்ல நீரையும் தீய நீரையும் வேறு பிரித்து ஒதுக்க வல்லதன்று. சாக்கடைக் கிருமியாயின் தூய நீரில் இரண்டொரு நாள் வைத்தால் பெரும்பாலும் நீங்கும்; ஆலைக்கழிவின் ஈயமும் பாதரசமும் அவ்வாறு நீங்கமாட்டா. ஐரோப்பிய நாடுகளில் சிப்பி எடுக்கும் நீர்ப்பரப்பையே தரம் பிரித்து வைத்துள்ளனர்: 100 கிராம் சதையில் குடற்கிருமி 230 என்னும் எல்லைக்குள் இருக்கும் பரப்பே முதற்றரம். ஆக, வளர்ப்போன் மரச்சட்டத்திற்கும் கயிற்றிற்கும் உரியவன். நீருக்கு உரியவன் அல்லன். யாம் முன்னர் வேலியில்லை என்றது இதனையே.

அந்நீர் எங்கிருந்து வருகிறது? இங்கேதான் அம்பத்தூரும் ஆவடியும் பூந்தமல்லியும் இப்பேச்சினுள் புகுகின்றன. கொசத்தலையாறு, அதாவது முன்னோர் கொற்றலை என்ற ஆறு, பூண்டியைக் கடந்து எண்ணூர்க் கழியில் விழுகிறது. புழலேரியின் மிகைநீர்க் கால்வாயும் அப்பக்கமே செல்கிறது. பருத்திப்பட்டையும் திருவேற்காட்டையும் தொட்டு ஓடும் கூவம் நேப்பியர் பாலத்தருகே கடல் புகுகின்றது. ஆண்டின் பெரும்பகுதியில் அக்கரையின் நீரோட்டம் வடக்கு நோக்கியது. நம் தெருவிற் கால்வாயில் விட்டது அங்கே எவரோ ஒருவர் கூடையிலுள்ள மட்டியின் செவுளைத் தொடாமற் போகாது.

எண்ணூரின் இன்றைய நிலை துயருடையது. அனல்மின் நிலையச் சாம்பல் கழியில் நெடுங்காலமாகப் படிந்துள்ளது. 2023ஆம் ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கசிவு பரவிப் படகும் வலையும் கரியாயின. போதாக்குறைக்குத் தென்னமெரிக்கக் கரைக்குரிய ஒரு சிப்பியினம், கப்பல்களின் வழியே வந்ததென்று கருதப்படுவது, கழியின் அடித்தரை முழுதும் பாய் விரித்தாற்போற் படர்ந்துவிட்டது. மீனவர் அதனைக் காக்கா ஆழி என்கின்றனர். அது படர்ந்த இடத்தில் இறால் புதைய மண்ணில்லை. நாட்டு மட்டிக்கு இடமில்லை. இடுப்பளவு நீரில் நின்று கைகளாலேயே துழாவி இறாலும் மட்டியும் எடுத்துப் பிழைக்கும் குடும்பங்களுக்கு இஃது அடிவயிற்றில் அடித்ததாகும். சிப்பியே சிப்பிக்குப் பகையாயிற்றே என்று வருந்தும் அவர்கள், அதனை அகற்றித் தருக என்று அரசினரிடமும் பசுமைத் தீர்ப்பாயத்திலும் முறையிட்டுள்ளனர்.

ஆகையால் நம் இளைஞருள் எவரேனும் ஆளி வளர்க்க விரும்பின், எண்ணூரில் முதலிட எண்ணற்க என்பதே எம் கருத்து. ஏற்ற இடம் காணின் முதலில் நீரைச் சோதியுங்கள்; ஒரு முறை அன்று, மழைக்கு முன்னும் பின்னும் சோதியுங்கள். வெள்ளத்தில் நீரின் உப்பு குறைந்து பல நாள் நீடிக்குமாயின் குஞ்சு மடியும். கரையோரக் குடிகளை ஒதுக்கிவிட்டுச் சட்டம் நாட்டாதீர்கள். அந்நீரின் குணம் அவர்கள் அறிந்த அளவு எந்தக் கருவியும் அறியாது.

ஊரில் இருப்போர்க்கும் வேலை உண்டு. அம்பத்தூர் 2011இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. ஆவடி 2019இல் தானே மாநகராட்சியாயிற்று. வாக்குக் கேட்டு வருவோரிடம் சாலை எப்போது, விளக்கு எப்போது என்று கேட்கின்றோம். எங்கள் தெருச் சாக்கடை எந்த ஏரியில், எந்த ஆற்றில் விழுகிறது என்று இனிக் கேட்போமாக. விடை வரவில்லையெனின் எழுத்தில் கேட்க. சங்கத்தின் பெயராலே கேட்க.

பழவேற்காட்டிற்குச் சென்று மட்டி எடுக்கும் முறையை நேரிற் காண விரும்பும் அன்பர்கள் செயலாளரிடம் பெயர் பதிந்துகொள்க. நீர் வற்றும் வேளை பார்த்துச் செல்ல வேண்டியிருத்தலின், நாளும் நேரமும் அடுத்த இதழில் அறிவிக்கப்படும்.