மாலை ஐந்தரை மணி வகுப்பு

சென்னையில் மாலை ஐந்தரை மணிக்குப் பள்ளிக்கூடங்கள் பூட்டியிருக்கும். அந்த நேரத்தில்தான் இன்னொரு வகைப் பள்ளிக்கூடம் திறக்கிறது. அதற்குப் பெயர்ப்பலகை இருக்காது. அடுக்குமாடிக் குடியிருப்பின் தாழ்வாரம், சமுதாய நலக்கூடம், கோயில் மண்டபம், சர்ச்சின் பின்கட்டு என எங்கே நாலு பாய் விரிக்க இடம் உண்டோ அங்கே அது நடக்கும். பிள்ளைகள் அதை ட்யூஷன் என்பார்கள். சொல்லிக்கொடுப்பவர் பெண் என்றால், கல்லூரி மாணவியாக இருந்தாலும் ஓய்வுபெற்ற வங்கி ஊழியராக இருந்தாலும், அவர் மிஸ்தான். ஆண் என்றால் சார், சற்று இளவயது என்றால் அண்ணா. இவர்களில் பலர் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். இவர்களை அனுப்புவது பெரும்பாலும் நகரத்தில் இயங்கும் ஒரு தொண்டு நிறுவனமாக இருக்கும்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சென்னை மாவட்டத்தில் எழுத்தறிவு பெற்றவர்கள் 90 விழுக்காட்டுக்கும் சற்று மேல். அப்படியிருக்க இந்த வகுப்புகளுக்கு என்ன தேவை என்ற கேள்வி வரும். கணக்கெடுக்க வருபவர் வீட்டாரிடம் கேட்டு எழுதிக்கொள்கிறார். யார் கையிலும் ஒரு தாளைக் கொடுத்துப் படிக்கச் சொல்வதில்லை. தன் பெயரை எழுதத் தெரிந்த பிள்ளையும் நாளிதழைச் சரளமாகப் படிக்கும் பிள்ளையும் அந்தக் கணக்கில் ஒன்றுதான். தொண்டு நிறுவனங்களின் வேலை இந்த இருவருக்கும் இடையே உள்ள தூரத்தில் நடக்கிறது.

தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை யாரையும் அதே வகுப்பில் நிறுத்தி வைப்பதில்லை. அது நல்ல ஏற்பாடு. நிறுத்தி வைக்கப்படும் பிள்ளை பெரும்பாலும் பள்ளியையே நிறுத்திவிடும். ஆனால் இரண்டாம் வகுப்பில் எழுத்துக் கூட்டத் தடுமாறிய பிள்ளை, அந்தத் தடுமாற்றத்தோடேயே ஐந்தாம் வகுப்பில் போய் உட்கார்ந்துவிடுகிறது. அங்கே ஆசிரியருக்கு ஐந்தாம் வகுப்புப் பாடத்தை நடத்தி முடிக்கும் அவசரம். இதோடு சென்னைக்கென்று ஒரு காரணமும் உண்டு. 2000ஆம் ஆண்டிலிருந்து கண்ணகி நகரிலும், பிறகு பெரும்பாக்கத்திலும், நகரின் நடுவே ஆற்றங்கரைகளில் இருந்த குடும்பங்கள் கொண்டுபோய்க் குடியமர்த்தப்பட்டன. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பின் அடையாறு, கூவம் கரைகளிலிருந்து பலர் கல்வியாண்டின் நடுவிலேயே இடம் மாறினார்கள். வீடு மாறிய அன்றே பள்ளி மாறிவிடாது. பழைய பள்ளிக்கு இரண்டு பஸ் பிடிக்க வேண்டும், புதிய பள்ளியில் இடம் கிடைக்க நாளாகும். அந்த இடைவெளியில் விட்டுப்போன மாதங்கள் பிறகு எந்த வகுப்பிலும் திரும்பி வருவதில்லை.

நகரக் குடிசைப் பகுதிகளில் அப்பகுதி மக்களையே வைத்துப் பாடம் நடத்தும் முறைக்கு மும்பை முன்னோடி. மாதவ் சவானும் ஃபரிதா லாம்பேயும் 1990களின் நடுவில் அங்கே பிரதம் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். கட்டடத்துக்காகக் காத்திருக்காமல், கிடைத்த வீட்டிலும் கோயிலிலும் பால்வாடிகள் தொடங்கப்பட்டன. அடுத்து வந்தது பால்சகி திட்டம். பள்ளிப் படிப்பை முடித்த உள்ளூர் இளம்பெண் ஒருவர், மூன்றாம் நான்காம் வகுப்புகளில் பின்தங்கிய 15, 20 பிள்ளைகளை வகுப்பிலிருந்து தனியே அழைத்துப்போய் நாளுக்கு இரண்டு மணி நேரம் அடிப்படையைச் சொல்லிக்கொடுப்பார். அவருக்குக் கிடைத்த பயிற்சி இரண்டு வாரம், ஊதியம் சொற்பம். மும்பையிலும் வடோதராவிலும் இந்தத் திட்டத்தை அளந்து பார்த்த பொருளாதார அறிஞர்களில் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்ளோ இருவரும் உண்டு. 2019இல் நோபல் பரிசு பெற்றவர்கள். பிள்ளைகளின் மதிப்பெண் தெளிவாக உயர்ந்திருந்தது. பி.எட். படிக்காத ஒருவராலும் இதைச் செய்ய முடிகிறது என்பதுதான் பலரையும் திரும்பிப் பார்க்க வைத்த செய்தி. தினமும் வருவதும், பிள்ளை எந்தப் படியில் நிற்கிறதோ அந்தப் படியிலிருந்து தொடங்குவதும் பட்டத்தைவிடப் பெரிய தகுதிகளாக இருந்தன.

படியைக் கண்டுபிடிப்பதற்குப் பெரிய தேர்வெல்லாம் தேவையில்லை. பிரதம் 2005இல் தொடங்கிய அசர் கணக்கெடுப்பில் பயன்படும் ஒற்றைத் தாள் போதும். அதில் தனி எழுத்துகள், எளிய சொற்கள், முதல் வகுப்புத் தரத்தில் ஒரு பத்தி, இரண்டாம் வகுப்புத் தரத்தில் ஒரு சிறுகதை இருக்கும். சில நிமிடங்களில் முடிந்துவிடும். அசர் ஊரகப் பகுதிகளை மட்டுமே அளக்கிறது என்றாலும், அந்தத் தாளின் முறையை நகர மையங்களும் எடுத்துக்கொண்டன. கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்ததற்குப் பிறகு, 2022இல் எடுத்த கணக்கில், தமிழ்நாட்டு ஊரகத்தில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் நால்வரில் ஒருவரால்தான் இரண்டாம் வகுப்புக் கதையைப் படிக்க முடிந்தது. மற்ற மூவரும் ஐந்தாம் வகுப்புப் புத்தகத்தைப் பையில் வைத்துக்கொண்டுதான் பள்ளிக்குப் போய்வந்தார்கள்.

சோதித்துப் பார்க்கும்போது ஒரு விநோதம் அடிக்கடி தென்படும். பிள்ளை தன் பாடப்புத்தகத்தைக் கடகடவென்று படிக்கும். அதே சொற்களை வேறொரு தாளில் இடம் மாற்றி எழுதிக் காட்டினால் நின்றுவிடும். படித்தது கண்ணால் அல்ல, காதால் கேட்டு மனப்பாடம் ஆனது. க, கா, கி, கீ என்று பாட்டாகப் பாடும் பிள்ளையிடம் நடுவில் கூ என்பதை மட்டும் காட்டினால், அது மறுபடி க-விலிருந்து பாடிக்கொண்டே வந்து கூ-வில் நிற்கும். விரலால் எண்ணிக் கூட்டுவதைப் போல இது எழுத்தை எண்ணிப் படிப்பது.

தமிழ் எழுத்து 247 என்று சொன்னால் பிள்ளை மலைத்துப்போகும். உண்மையில் கற்க வேண்டியவை முப்பத்தொரு எழுத்தும், கால், கொம்பு, சுழி போன்ற சில குறிகளும்தான். மீதி எல்லாம் சேர்க்கை. உகர, ஊகார வரிசைகள் மட்டும் எழுத்துக்கு எழுத்து உருவம் மாறிச் சற்றுப் படுத்தும். பெரிய சிக்கல் கொம்பில் இருக்கிறது. கெ என்பதில் முதலில் கண்ணில் படுவது ஒற்றைக்கொம்பு, வாயில் முதலில் வருவதோ க். எழுதுவது ஒரு வரிசை, சொல்வது வேறு வரிசை. கொ வந்துவிட்டால் குழப்பம் இரட்டிப்பாகும். இடப்பக்கம் கொம்பு, வலப்பக்கம் கால். கொடி என்ற சொல்லைக் காட்டினால், “மிஸ், இது கெ-வா, கா-வா?” என்று பிள்ளை கேட்கும். கேள்வியில் தவறே இல்லை. கண்ணுக்கு இரண்டும்தான் தெரிகின்றன. அனுபவப்பட்ட தன்னார்வலர் இங்கே விதியை விளக்கிக்கொண்டிருக்க மாட்டார். மூன்று அட்டைகளை எடுப்பார். ஒன்றில் க, ஒன்றில் கொம்பு, ஒன்றில் கால். முதலில் க மட்டும். பின் வலப்பக்கம் கால் வைத்தால் கா. காலை எடுத்துவிட்டு இடப்பக்கம் கொம்பு வைத்தால் கெ. இப்போது இரண்டையும் ஒன்றாக வைத்து, உதட்டைக் குவித்துக் காட்டி, கொ. பிறகு நடு அட்டையை மட்டும் மாற்றிக்கொண்டே போவார்: கொ, தொ, பொ, மொ. பத்து நிமிடத்தில் அட்டைகள் பிள்ளையின் கைக்குப் போய்விடும். 1978இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று லை, ளை, ணை, னை ஆகியவற்றின் பழைய வடிவில் இருந்த தும்பிக்கையை வெட்டாமல் இருந்திருந்தால் இன்னும் ஒரு வாரம் கூடுதல் வேலை.

வேற்று மொழிப் பிள்ளைகளுக்குத் தடங்கல் வேறு இடத்தில். கட்டட வேலைக்காகப் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த குடும்பங்களின் பிள்ளைகள் சென்னையின் அரசுப் பள்ளிகளில் சேர்கிறார்கள். இந்தியில் ஓர் ஒலிக்கு ஓர் எழுத்து. தமிழில் கடல், பகல், தங்கம் மூன்றிலும் எழுத்து ஒரே க, ஒலி மூன்று. தமிழ்ப் பிள்ளைக்கு இது சிக்கலாகவே தெரியாது, ஏனென்றால் சொல் முன்பே காதில் இருக்கிறது. அந்தப் பிள்ளைக்கோ முதலில் சொல் வேண்டும், அப்புறம்தான் எழுத்து. அதனால் அவர்களோடு முதல் மாதம் பேசுவதிலும் விளையாடுவதிலும் போனால் அது வீணான மாதம் அல்ல.

தன்னார்வக் கற்பித்தல் தமிழ்நாட்டில் மிகப் பெரிய அளவில் நடந்தது இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில். கொரோனா காலத்துப் படிப்பிழப்பை ஈடுகட்ட 2021 அக்டோபரில் அரசே இதைத் தொடங்கியது. மாலையில் ஒன்றரை மணி நேரம், தன்னார்வலருக்குச் சுமார் 20 பிள்ளைகள், மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. உச்சத்தில் ஏறத்தாழ 2 லட்சம் தன்னார்வலர்கள், பெரும்பாலும் அதே தெருவைச் சேர்ந்த பெண்கள். ஊரகத் தமிழ்நாட்டில் நடந்த ஓர் ஆய்வு, பள்ளி திறந்த ஆறு மாதத்தில் பிள்ளைகள் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கை மீட்டுவிட்டதாகவும், அந்த மீட்சியில் ஏறக்குறைய கால் பங்கு இந்த மாலை வகுப்புகளால் வந்தது என்றும் கணித்தது. 1,000 ரூபாய் வாங்கியவரைத் தன்னார்வலர் என்று சொல்லலாமா என்ற வாதம் அப்போது எழுந்தது. அந்தத் தொகை கிடைத்ததால்தான் பல வீடுகளில் மருமகளை மாலையில் வெளியே விட்டார்கள் என்பதையும் சேர்த்து அந்த வாதத்தைப் பேச வேண்டும்.

வகுப்பைத் திறந்து வைத்தால் மட்டும் பிள்ளைகள் வந்துவிட மாட்டார்கள். உத்தரப் பிரதேசத்தின் ஜவுன்பூர் மாவட்டக் கிராமங்களில் தன்னார்வலர்கள் நடத்திய வாசிப்பு முகாம்களை ஆராய்ந்தபோது இது பளிச்சென்று தெரிந்தது. முகாமுக்கு வந்தவர்கள் நன்றாக முன்னேறியிருந்தார்கள். வரவேண்டியவர்களிலோ மிகச் சிலரே வந்திருந்தார்கள். நகரத்திலும் இதே கதைதான். தண்ணி லாரி வந்தால் குடத்தோடு ஓடுவது பெரும்பாலும் பெண் பிள்ளைதான். தம்பியைப் பார்த்துக்கொள்வதும் அவள்தான். அதனால் அனுபவமுள்ள மையங்களில் தம்பியையும் இடுப்பில் தூக்கிக்கொண்டு வரலாம். அவனுக்கென்று ஒரு மூலையில் கிரேயானும் பழைய காலண்டர் தாளும் இருக்கும். இரண்டு நாள் வராத பிள்ளையின் வீட்டுக்கு மூன்றாம் நாள் யார் போவது என்பதும் அங்கே முன்கூட்டியே முடிவாகியிருக்கும்.

இந்தத் துறையின் பெரிய நோய் ஒரு நாள் தொண்டு. 2013 கம்பெனிகள் சட்டம், குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் தங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்றது. பணம் வந்தது, பல மையங்கள் பிழைத்தன. கூடவே டி-ஷர்ட் அணிந்த கூட்டமும் வந்தது. சுவருக்கு வண்ணம், பென்சில் பெட்டி, எல்லோரும் சேர்ந்து ஒரு படம், மதியம் பிரியாணி. அடுத்த வாரம் அதே பாயில் அதே பிள்ளை அதே எழுத்தில் நிற்கும். 1969இல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டம் மாணவரிடம் இரண்டு ஆண்டில் 240 மணி நேரம் கேட்கிறது. அதை ஒரே மையத்தில், வாரம் இரண்டு மாலைகளாகக் கொடுத்தால் ஒரு குழு முழுவதும் எழுத்திலிருந்து கதைக்கு ஏற நேரம் உண்டு. முகாம் முகாமாகச் சிதறினால் சான்றிதழ் மட்டும் மிஞ்சும். 2006இல் சென்னையில் இளைஞர்கள் தொடங்கிய பூமி போன்ற அமைப்புகள் வார இறுதி வகுப்புகளுக்கு ஆள் சேர்க்கும்போது எத்தனை மாதம் தொடர்ந்து வர முடியும் என்று முதலிலேயே கேட்பது இதனால்தான். புதிதாக வருபவருக்கு அந்தக் கேள்வி சற்று முகத்திலடித்தாற்போல இருக்கும்.

பாதுகாப்பு விதிகளும் அப்படித்தான். மூடிய அறையில் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கக் கூடாது, பிள்ளையின் படத்தை வாட்ஸப் ஸ்டேட்டஸில் வைக்கக் கூடாது, ஒரே பிள்ளைக்குத் தனியாகப் பரிசு வாங்கித் தரக் கூடாது. 2012 போக்சோ சட்டப்படி, பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரியவந்தால் புகார் செய்யும் கடமை தன்னார்வலருக்கும் உண்டு. மையத்தின் பெயர் கெட்டுவிடும் என்று மூடி மறைப்பதும் குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098 சுவரில் பெரிதாக எழுதியிருக்க வேண்டும், பிள்ளைகளுக்கும் மனப்பாடமாகியிருக்க வேண்டும்.

எழுத்துக் கூட்டத் தொடங்கிய பிள்ளைக்குப் புதுப் புத்தகம் கையில் கிடைக்க வேண்டும். சென்னையில் 1996இல் தொடங்கிய தூலிகா பதிப்பகத்தின் படக்கதைகள், பிரதம் புக்ஸ் இணையத்தில் இலவசமாகத் தரும் ஸ்டோரிவீவர் கதைகள், சற்றுப் பெரியவர்களுக்குத் துளிர் இதழ் என்று தமிழில் இன்று பஞ்சமில்லை. புத்தகங்களைப் பூட்டி வைக்கும் பீரோதான் பல மையங்களில் பிரச்சினை. கிழிந்துவிடும் என்று பயப்படுகிற இடத்தில் யாரும் படிப்பதில்லை.

பதினாறு, பதினேழு வயதில் படிப்பை விட்டவர்களுக்கு வழி வேறு. மெக்கானிக் ஷெட்டில் வேலை செய்யும் பையனிடம் அணில், ஆடு படம் போட்ட புத்தகத்தை நீட்டினால் மறுநாள் வர மாட்டான். பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த 1990களின் அறிவொளி இயக்கம் இதை நன்றாகப் புரிந்துவைத்திருந்தது. புதுக்கோட்டையில் பெண்கள் எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளும் ஓட்டக் கற்றார்கள். இந்தப் பையனுக்குப் பஸ் போர்டு, ஸ்பேர் பார்ட்ஸ் பில், வங்கிப் படிவம், ஓட்டுநர் உரிமத் தேர்வில் வரும் சாலைக் குறிகள்தான் பாடப்புத்தகம். படிக்கும் பழக்கம் ஊன்றிய பிறகு பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதும் பேச்சை எடுக்கலாம். அதற்கு முன் எடுத்தால் பயம்தான் வரும்.

எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்க வராது, வரவேண்டும் என்றும் இல்லை. கணக்கு எழுத, புத்தகம் ஒட்ட, வீடு வீடாகப் போய்ப் பேச, தேர்வில் பார்வையற்ற மாணவர் சொல்லச் சொல்ல எழுத ஆட்கள் எப்போதும் தேவைப்படுகிறார்கள். எந்த வேலையில் இருந்தாலும் தன்னார்வலர் ஒரு நாள் போய்விடுவார். வேலை மாறும், கல்யாணம் ஆகும், ஊர் மாறும். நன்றாக நடக்கும் மையத்தில் வருகைப் பதிவேட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு நோட்டு இருக்கும். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம்: எந்தத் தேதியில் எந்தப் படி, எந்த எழுத்தில் தடுமாற்றம், வீட்டில் யாரிடம் பேச வேண்டும். புதிதாக வருபவர் முதல் நாள் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, கொ-வில் நின்ற பிள்ளையை அன்று மாலையே கோ-வுக்கு அழைத்துப்போகலாம்.