இணையவழியில் அமெரிக்க வரலாறு கற்றல்



அயல்நாட்டுப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் ஒருவரிடம் பாடம் கேட்க வேண்டுமானால் கப்பலேறிச் செல்ல வேண்டும் என்றிருந்த காலம் ஒன்று உண்டு. செல்வம் படைத்தவர்களும், உபகாரச் சம்பளம் வாய்க்கப்பெற்ற சிலருமே அப்பேற்றினை அடைந்தனர். இன்று அந்நிலை பெரிதும் மாறிவிட்டது. அமெரிக்காவிலுள்ள மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் தன் பாடங்களை இணையத்தின் வாயிலாக உலகத்தார் அனைவருக்கும் இலவசமாக வழங்கப்போவதாக 2001ஆம் ஆண்டில் அறிவித்தது. யேல் பல்கலைக்கழகம் தன் வகுப்பறைச் சொற்பொழிவுகளைப் படம்பிடித்து 2007 முதல் வெளியிட்டது. ஹார்வர்டு பல்கலைக்கழகமும் மாசசூசெட்ஸ் கழகமும் கூடி 2012இல் எட்எக்ஸ் என்னும் இணையவழிக் கல்வி அமைப்பைத் தோற்றுவித்தன. நம் நாட்டில் 2017இல் ஸ்வயம் தொடங்கப்பெற்றது.

வகுப்பறைக்கு வர இயலாதவர்களைத் தேடிக் கல்வி செல்வது முற்றிலும் புதிய வழக்கமன்று. சிக்காகோ பல்கலைக்கழகம் 1892இலேயே அஞ்சல்வழிப் பாடங்களை நடத்தத் தொடங்கியது. தில்லிப் பல்கலைக்கழகம் 1962இல் அஞ்சல்வழிக் கல்வியை ஏற்படுத்தியது. அன்று தபால்காரர் கொண்டுவந்த பாடம் இன்று கணிப்பொறித் திரையில் தோன்றுகிறது. எனினும், கற்பவரின் கடமை குறைந்துவிடவில்லை. எவ்வாறு கற்றால் அக்கல்வி பயன்தரும் என்பதை, அமெரிக்காவின் பிற்கால வரலாற்றையே எடுத்துக்காட்டாகக் கொண்டு உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

அமெரிக்கக் கல்லூரிகளில் அந்நாட்டு வரலாற்றை இரு பகுதிகளாகப் பிரித்துக் கற்பிப்பது வழக்கம். முதற்பகுதி 1865 அல்லது 1877உடன் முடியும். இரண்டாம் பகுதி அங்கிருந்து தொடங்கும். இந்த எல்லையை ஏன் வகுத்தார்கள்? 1861 முதல் 1865 வரை அந்நாட்டில் நடந்த உள்நாட்டுப் போரின் விளைவாக ஏறத்தாழ 40 இலட்சம் அடிமைகள் விடுதலை பெற்றனர். 1865இல் நிறைவேறிய 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் அடிமை முறையை ஒழித்தது. 1868இல் வந்த 14ஆவது திருத்தம் குடியுரிமையையும் சட்டத்தின் முன் சமநிலையையும் வழங்கியது. 1870இல் வந்த 15ஆவது திருத்தம், நிறம் காரணமாக எவருடைய வாக்குரிமையையும் மறுக்கலாகாது என்றது. 1877இல் தென் மாநில அரசுகளுக்குக் காவலாக நின்ற கூட்டாட்சிப் படைகள் விலக்கிக்கொள்ளப்பட்டன. போர் முடிந்த நாள் முதல் இந்த ஆண்டு வரையுள்ள பன்னிரண்டு ஆண்டுகளையே புனரமைப்புக் காலம் என்று குறிப்பிடுகின்றனர்.

அக்காலத்தில் நடந்தது என்ன? முன்னாள் அடிமைகள் வாக்களித்தனர், சட்டமன்றங்களில் அமர்ந்தனர். மிசிசிப்பி மாநிலத்திலிருந்து ஹைரம் ரெவல்ஸ் என்பவர் 1870இல் செனட் சபைக்குச் சென்றார். அச்சபையில் அமர்ந்த முதல் கறுப்பினத்தவர் அவரே. தென் மாநிலங்களில் அரசு வரிப்பணத்தைக் கொண்டு மாநிலம் முழுவதற்குமான பொதுப் பள்ளிகளை ஏற்படுத்தியவை புனரமைப்புக் கால அரசுகளே. எழுதப் படிக்கக் கற்பிப்பதே குற்றமென்று பல மாநிலங்களில் சட்டம் தடுத்திருந்த மக்கள், முதியோரும் சிறுவருமாகப் பள்ளியை நாடி வந்தனர். பள்ளியிலேயே வாழ்நாளைக் கழித்த எனக்கு இச்செய்தியைப் படிக்கும்போதெல்லாம் நெஞ்சம் நெகிழ்கிறது.

ஆனால், பின்னாளில் அமெரிக்கப் பள்ளி மாணவர்கள் படித்த கதையோ வேறு. நியூயார்க் நகரத்துக் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வில்லியம் டன்னிங் என்ற பேராசிரியர் இருந்தார். அவரும் அவருடைய மாணவர்களும் புனரமைப்புக் காலத்தை ஊழலும் சீர்கேடும் மலிந்த காலமாகவே வரைந்தனர். கறுப்பின மக்கள் ஆளத் தகுதியற்றவர்கள் என்பது அவர்களுடைய எழுத்தின் அடிப்படையாக இருந்தது. ஆவணங்களை ஆராய்ந்தே நூல் எழுதிய அறிஞர்கள் அவர்கள். ஆயினும், ஆராயத் தொடங்குமுன்பே முடிவு அவர்கள் உள்ளத்தில் இருந்தது. அக்கருத்து பாடநூல்களில் புகுந்தது. 1915இல் வெளிவந்த ‘ஒரு தேசத்தின் பிறப்பு’ என்னும் திரைப்படத்தின் வழியே கோடிக்கணக்கானோர் கண்களிலும் நிறைந்தது.

பாடநூலில் உள்ள பிழை பள்ளிச் சுவருக்குள் நின்றுவிடுமா? நிற்காது. கறுப்பின மக்களுக்கு வாக்குரிமை கொடுத்ததே தவறு என்று ஒரு தலைமுறை நம்பிவிட்டால், அவ்வுரிமையைப் பறிப்பது நீதியாகத் தோன்றிவிடுகிறது. இடம் பிரித்து வைப்பது அரசியலமைப்புக்கு முரணன்று என்று உச்ச நீதிமன்றம் 1896இல் கூறியது. தேர்தல் வரி, எழுத்தறிவுத் தேர்வு ஆகிய சூழ்ச்சிகளால் வாக்குரிமை பறிபோயிற்று. இக்கொடுமைகள் டன்னிங்கின் நூல்களால் பிறந்தவை அல்ல. ஆனால் அவற்றை நியாயப்படுத்த அந்நூல்கள் பல்லாண்டுகள் துணை நின்றன. 1965இல் வாக்குரிமைச் சட்டம் வருவதற்கு முன், மிசிசிப்பியில் வாக்களிக்கும் வயதுடைய கறுப்பினத்தவருள் 100க்கு 7 பேருக்கும் குறைவானவர்களே வாக்காளராகப் பதிவு பெற்றிருந்தனர். அச்சட்டம் வந்த இரண்டே ஆண்டுகளில் அது ஏறத்தாழ 60 பேராக உயர்ந்தது.

தவறான வரலாற்றை மறுத்து எழுந்த குரலும் உண்டு. டபிள்யூ. ஈ. பி. டுபாய்ஸ் என்னும் கறுப்பின அறிஞர் 1935இல் புனரமைப்புக் காலத்தைப் பற்றி ஒரு பெருநூலை வெளியிட்டார். விடுதலை பெற்ற மக்களைத் தம் வரலாற்றைத் தாமே உருவாக்கியவர்களாக அந்நூல் காட்டிற்று. அதன் இறுதி இயலில், அன்றைய பள்ளிப் பாடநூல்களையே எடுத்துவைத்து, அவற்றில் உண்மை எவ்வாறு திரிக்கப்பட்டது என்பதை அவர் விளக்கினார். நம் அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை கொலம்பியாவில் பயின்றவர் என்பதை அறிவீர்கள். அவர் 1946இல் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதி, அமெரிக்கக் கறுப்பின மக்கள் ஐக்கிய நாடுகள் அமைப்புக்கு அளித்த விண்ணப்பத்தின் பிரதியைக் கேட்டார். ஒடுக்கப்பட்ட இரு மக்களின் நிலையை ஒப்பிட்டு நோக்கிய அறிஞர் இருவரின் தொடர்பு அது.

டுபாய்ஸின் கருத்துக்குக் கல்வியுலகம் பெருமளவில் தலைவணங்கப் பல்லாண்டுகள் ஆயின. 1988இல் எரிக் ஃபோனர் என்ற வரலாற்றறிஞர் எழுதிய நூல் புதிய பார்வையை நிலைநிறுத்தியது. அவர் எங்கே பேராசிரியராக இருந்தார் தெரியுமா? டன்னிங் கற்பித்த அதே கொலம்பியாவில்தான்! அங்கிருந்து உள்நாட்டுப் போரையும் புனரமைப்பையும் பற்றி அவர் ஆற்றிய விரிவுரைகள் 2014இல் தொடங்கி இணையவழிப் பாடமாக உலகெங்கும் சென்றன. ஒருகாலத்தில் பிழையான கதை புறப்பட்ட இடத்திலிருந்தே அதன் திருத்தமும் புறப்பட்டது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் யாது? பெரிய பல்கலைக்கழகத்தின் பெயரைக் கண்டு மட்டும் ஒரு கருத்தை ஏற்றுவிடக் கூடாது. சொல்பவர் யாராயினும், சொல்லப்பட்டதன் உண்மையைத் தேட வேண்டும் என்று வள்ளுவர் நமக்கு என்றோ அறிவுறுத்தியிருக்கிறார். இணையவழிக் கல்வியின் உண்மையான சிறப்பு இங்கேதான் விளங்குகிறது. விரிவுரையைக் கேட்கும் அதே திரையில், விரிவுரையாளர் எந்த ஆவணத்தைக் கொண்டு பேசுகிறாரோ அந்த ஆவணத்தையும் நீங்கள் திறந்து பார்க்கலாம். டன்னிங் காலத்து மாணவனுக்குக் கிட்டாத வாய்ப்பு இது.

ஓர் எடுத்துக்காட்டுக் கூறுகிறேன். 1933 மார்ச் மாதத்தில் அமெரிக்க வங்கிகள் நிலைகுலைந்து மூடப்பட்டிருந்தன. புதிதாகப் பதவியேற்ற குடியரசுத் தலைவர் ஃபிராங்கிளின் ரூஸ்வெல்ட் மார்ச் 12ஆம் நாள் இரவு வானொலியில் பேசினார். வங்கி எவ்வாறு இயங்குகிறது, ஏன் மூடப்பட்டது, எப்போது திறக்கும் என்பதையெல்லாம் குடும்பத்தாரோடு உரையாடுவதுபோல எளிமையாக விளக்கினார். மறுநாள் வங்கிகள் திறக்கத் தொடங்கியபோது, மக்கள் தாம் எடுத்துவைத்திருந்த பணத்தைத் திரும்பக் கொண்டுவந்து செலுத்தினர். அந்தக் குரலை இன்றும் இணையத்தில் கேட்கலாம். கேட்பவர் உள்ளம் உருகும். ஆனால் அங்கே நின்றுவிடாதீர்கள். அவர் ஆட்சியில் 1935இல் நிறைவேறிய சமூகப் பாதுகாப்புச் சட்டத்தையும் படியுங்கள். முதுமைக் காப்பீட்டிலிருந்து விவசாயக் கூலிகளும் வீட்டு வேலை செய்வோரும் விலக்கப்பட்டிருப்பதைக் காண்பீர்கள். தென் மாநிலக் கறுப்பினத் தொழிலாளருள் பெரும்பாலோர் இவ்விரு தொழில்களிலேயே இருந்தனர். இவ்விலக்கு இனவெறுப்பால் நேர்ந்ததா, நிர்வாக இடர்ப்பாட்டால் நேர்ந்ததா என்பதில் அறிஞர்கள் கருத்து வேறுபடுகின்றனர். 1950இலும் 1954இலும் வந்த திருத்தங்களே அவர்களுள் பலரைச் சேர்த்துக்கொண்டன. குரல் ஒரு சான்று. சட்டம் மற்றொரு சான்று. இரண்டையும் ஒருங்கே வைத்துப் பார்ப்பவரே வரலாற்று மாணவர்.

சான்றையும் ஆராய்ந்தே ஏற்க வேண்டும். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் முன்னாள் அடிமைகளின் வாய்மொழிகள் 2,300க்கு மேற்பட்டவற்றை இணையத்தில் வைத்திருக்கிறது. அவை பெரும்பாலும் 1936 முதல் 1938 வரை திரட்டப்பட்டவை. விலைமதிப்பற்ற செல்வந்தான். ஆயினும் பேசியவர்கள் மிகவும் முதியவர்கள். அடிமை முறை ஒழிந்து எழுபது ஆண்டுகள் கடந்திருந்தன. கேட்டு எழுதியவர்களுள் பலர் வெள்ளையர். வறுமையில் வாடிய முதியவர் ஒருவர், அச்சம் நிலவிய காலத்தில், தம் ஊர் வெள்ளையரிடம் உள்ளத்தைத் திறந்து பேசியிருப்பாரா? யார் சொன்னார், யாரிடம் சொன்னார், எப்போது சொன்னார் என்ற மூன்று வினாக்களையும் எந்தச் சான்றிடமும் கேளுங்கள்.

இனி, நடைமுறைக்கான சில சொற்கள். இணையவழிப் பாடங்களில் சேர்வோர் பலர், முடிப்போர் சிலர். தவறினால் கண்டிக்க ஆசிரியர் இல்லை. அருகே அமர்ந்து தூண்டத் தோழரும் இல்லை. ஆகவே நாள்தோறும் ஒரு நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று நண்பர்கள் சேர்ந்து ஒரே பாடத்தைக் கேட்டு, வாரம் ஒருமுறை கூடி விவாதியுங்கள். தமிழ்வழி பயின்றவர்கள் ஆங்கில விரிவுரைக்கு அஞ்ச வேண்டா. பல பாடங்களில் பேச்சு எழுத்தாகவும் திரையின் கீழ் வரும். நிறுத்தி, மறுமுறை கேட்கலாம். வகுப்பறை ஆசிரியரை அவ்வாறு நிறுத்த இயலுமா? சான்றிதழ் வேறு, பட்டம் வேறு என்பதை மறவாதீர்கள். கட்டணம் செலுத்துமுன் அச்சான்றிதழை உங்கள் கல்லூரி ஏற்குமா என்று கேட்டறியுங்கள்.

விடைகளை எழுதித் தரும் இயந்திரங்களும் இன்று வந்துவிட்டன. அவற்றின் விடையை அப்படியே எடுத்து எழுதுபவர், பிறர் உண்ட உணவால் தம் பசி தீரும் என்று எண்ணுபவரை ஒப்பர். விரிவுரையைக் கேட்டபின் ஏட்டை எடுத்து, கேட்டதன் சாரத்தை உங்கள் சொந்தச் சொற்களில், தமிழிலேயே, ஒரு பக்கம் எழுதுங்கள். அதன் கீழே, உங்களுக்கு எழுந்த ஐயம் ஒன்றையும் எழுதி வையுங்கள். அடுத்த நாள் அந்த ஐயத்தோடு ஆவணத்தைத் தேடிச் செல்லுங்கள்.

அயல்நாட்டு வரலாறு நமக்கு எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். பிறர் வரலாற்றில் பாடநூல் எவ்வாறு பிழைபட்டது என்று கண்டவர், தம் நாட்டு வரலாற்றையும் விழிப்போடு படிப்பார். அயலாரைப் பழிக்கவும் மாட்டார், தம்மவரை வீணே புகழவும் மாட்டார். சட்டம் கொடுத்த உரிமையும் மக்கள் விழிப்பு இல்லையேல் நிலைத்து நில்லாது என்பதை 1870க்கும் 1965க்கும் இடைப்பட்ட 95 ஆண்டுகள் நமக்குக் கற்பிக்கின்றன. நீங்களும் வாக்களிக்கப் போகிறவர்கள். இந்த விடுமுறையில் ஒரு பாடத்தைத் தேர்ந்தெடுத்துத் தொடங்குங்கள், முடிக்கும்வரை விடாதீர்கள்.