அகத்தியர் போன் செய்ய மாட்டார்

(வாழும் எழுத்தாளர்களைப் பற்றிக் கலைக்களஞ்சியத்தில் எழுதுவது குறித்துத் தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



1910-ஆம் ஆண்டில் ஆ. சிங்காரவேலு முதலியாரின் 'அபிதான சிந்தாமணி' வெளிவந்தது. அதில் அகத்தியரைப் பற்றி என்ன எழுதினாலும், அகத்தியர் போன் செய்து கேட்கப் போவதில்லை. பின்னர் பெரியசாமி தூரன் தலைமையில் கலைக்களஞ்சியம் 1954 தொடங்கி 1968 வரை 10 தொகுதிகளாக வந்தது. அச்சில் ஒரு தவறு ஏறிவிட்டால் அடுத்த பதிப்பு வரை காத்திருக்க வேண்டும்.

2003-இல் தமிழ் விக்கிப்பீடியா தொடங்கியது. இன்று அதில் ஒன்றரை லட்சத்திற்கும் மேற்பட்ட கட்டுரைகள் உள்ளன. யார் வேண்டுமானாலும் எழுதலாம். நானும் எழுதுகிறேன். எழுதிச் சூடு பட்டும் இருக்கிறேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். இன்றைக்குப் போனால் செம்பனைதான் நிற்கிறது. லயங்கள் இல்லை. அங்கே பிறந்து, பால்மரம் வெட்டிக்கொண்டே கதை எழுதிய ஓர் அம்மையார், இப்போது ஈப்போவில் ஒரு தாமானில் மகனோடு இருக்கிறார். 1970-களில் ஞாயிறு பதிப்புகளில் புனைபெயரில் எழுதியவர். பெயரைச் சொல்ல மாட்டேன். காரணம் போகப் போகப் புரியும்.

அவரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். நல்ல எண்ணத்தில்தான். ஆனால் விவரம் போதவில்லை. அவருடைய சிறுகதை ஒன்றில் ஓர் அப்பா வருகிறார். சம்சு குடித்துவிட்டுப் பெரட்டுக் களத்திலேயே விழுந்து கிடப்பார். கதை 'நான்' என்று ஒரு மகள் சொல்வதாக எழுதப்பட்டிருக்கிறது. சரி, சொந்தக் கதைதான் என்று நானாக முடிவு கட்டினேன். 'இவரின் தந்தையார் குடிப்பழக்கத்திற்கு ஆளானவர்.' ஒரே ஒரு வரிதான் எழுதினேன்.

மூன்று மாதம் கழித்துப் போன் வந்தது.

"தம்பி, கதையில வர்ற அப்பா எங்க அப்பா இல்ல. அது பக்கத்து லயத்து மனுசன். எங்க அப்பா கள்ளுக்கடை வாசலக்கூட மிதிக்காதவரு. என் பேரன் படிச்சிட்டு வந்து கேக்கிறான், கொள்ளுத் தாத்தா குடிகாரரான்னு. நான் என்ன சொல்லட்டும்?"

என்னிடம் பதில் இல்லை. வரியை அன்று இரவே எடுத்துவிட்டேன். ஆனால், பேரன் படித்ததை எப்படி எடுப்பது?

இது தோட்டத்து எழுத்தாளருக்கு மட்டும் வந்த வம்பு அல்ல. அமெரிக்காவில் பிலிப் ராத் என்று உலகப் புகழ் பெற்ற நாவலாசிரியர் இருந்தார். 2018-இல் மறைந்தார். அவருடைய 'தி ஹியூமன் ஸ்டெய்ன்' நாவலின் நாயகன் அனட்டோல் புரொயார்ட் என்ற விமர்சகரைப் பார்த்து எழுதப்பட்டவன் என்று சொல்லப்படுவதாக விக்கிப்பீடியாவில் இருந்தது. இல்லை, என் நண்பர் பேராசிரியர் மெல்வின் டியூமினுக்கு நேர்ந்ததுதான் அதற்கு வித்து என்றார் ராத். எழுதியவரே சொல்கிறார். போதாதாம்! வேறு ஆதாரம் வேண்டுமாம். கடைசியில் 2012 செப்டம்பரில் 'நியூயார்க்கர்' இதழின் இணையப் பக்கத்தில் ஒரு திறந்த மடல் எழுதினார். பிறகு கட்டுரையில் அந்த மடலின் விவரமும் ஏறியது.

ராத் நினைத்தால் நியூயார்க்கரில் எழுதலாம். நம் அம்மையார் எங்கே போய் எழுதுவார்? அவர் கதைகள் வந்த பத்திரிகைகளில் சில இன்று இல்லை. 1924-இல் தொடங்கிய 'தமிழ் நேச'னே 2019-இல் நின்றுவிட்டது. ஆதாரம் காட்டு என்று அவரைக் கேட்பது எந்த ஊர் நியாயம்? பழைய இதழைத் தேட வேண்டியது எழுதுகிறவனின் வேலை.

அடுத்து, பிறந்த தேதி. இதில் என்ன இருக்கிறது என்பீர்கள். உங்கள் அடையாள அட்டையை எடுத்துப் பாருங்கள். 12 இலக்கங்கள். முதல் ஆறும் பிறந்த ஆண்டு, மாதம், நாள். அடுத்த இரண்டும் பிறந்த மாநிலம். பேராக் என்றால் 08. ஆக, முழுத் தேதியையும் ஊரையும் எழுதினால் எட்டு இலக்கங்களை ஊருக்கே கொடுத்துவிட்டோம். கடைசி இலக்கம் ஆணுக்கு ஒற்றை, பெண்ணுக்கு இரட்டை. மோசடிக்காரனுக்கு மிச்சம் வைத்தது கொஞ்சம்தான். எழுத்தாளருக்குப் பிறந்த ஆண்டு போதும். (தோட்டத்தில் பிறந்த பலருக்கு அட்டையில் ஒரு தேதி, அம்மா சொன்ன தேதி ஒன்று. அது தனிக் கதை.)

சட்டம் இருக்கிறதே என்று கேட்கலாம். நம் நாட்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010-இல் நிறைவேறி, 2013 நவம்பரில் அமலுக்கு வந்தது. அது வணிக நடவடிக்கைகளுக்கானது. சம்பளம் வாங்காமல் கலைக்களஞ்சியம் எழுதும் நம்மை அது தேடி வராது. அந்த அம்மையாரையும் காப்பாற்றாது.

அதற்காக எழுத்தாளர் சொல்வதை எல்லாம் எழுதிவிட முடியுமா? முடியாது. 'மாபெரும்', 'ஒப்பற்ற' என்று தன்னைப் பற்றித் தானே எழுதி அனுப்புகிறவர்களும் உண்டு. அச்சில் வந்த விமர்சனத்தை நீக்கச் சொல்பவர்களும் உண்டு. புத்தகம் பொதுச் சொத்து. அதைப் பற்றி வந்த குறையும் அப்படியே. வீட்டு விவகாரம் வேறு.

இதையும் அந்த அம்மையாரிடம் கேட்டேன். கட்டுரையில் அவருடைய இரண்டாவது தொகுப்பைக் குறை சொல்லி வந்த ஒரு மதிப்புரையையும் குறிப்பிட்டிருந்தேன். "இதையும் எடுத்து விடவாம்மா?" என்றேன்.

"அது எதுக்குத் தம்பி? பேப்பர்ல வந்ததுதானே. அந்த மனுசன் சொன்னது பாதி சரி. இருக்கட்டும்."

ஒன்றே ஒன்றுதான் பாக்கி. புனைபெயருக்குப் பக்கத்தில் இயற்பெயரைப் போடலாமா? அவர் எழுதியது அண்ணன்மாருக்குக் கடைசி வரை தெரியாதாம். ஓர் அண்ணன் இன்னும் இருக்கிறார். "யோசிச்சுச் சொல்றேன்" என்றார். இரண்டு வருடம் ஆகிறது. அந்த இடத்தைக் காலியாகத்தான் வைத்திருக்கிறேன்.