குற்றவியற் பட்டமும் நம் இளைஞரும்

(நம் சங்க மாணவர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பன்னிரண்டாம் வகுப்பில் தேறிய நம் பிள்ளைகள் சிலர் குற்றவியலைப் பட்டப் பாடமாக எடுக்க விழைகின்றனர் என்றும், பெற்றோர் தயங்குகின்றனர் என்றும், அதுபற்றிச் சில வார்த்தைகள் கூறவேண்டும் என்றும் நம் காரியதரிசி அவர்கள் எனக்குக் கட்டளையிட்டார்கள். யான் அத்துறை ஆசிரியனல்லேன். நெடுநாள் நீதிமன்றங்களில் வழக்குரைத்தவன். அறிந்த அளவிற் கூறுகின்றேன்.

தயக்கத்தின் காரணத்தை யான் அறியாதவனல்லேன். "குற்றம் என்ற சொல்லே நம் வீட்டில் வேண்டாம்" என்று ஓர் அம்மையார் என்னிடம் கூறினார். 1871-இல் பிறந்த குற்றப் பரம்பரைச் சட்டத்தை, நம் முதியோர் ரேகைச் சட்டம் என்பர். என் பாட்டனார் ஒரு திருட்டும் செய்தவரல்லர். ஆயினும் பத்து விரல் ரேகையையும் பதிந்து கொடுத்தார். இரவில் சாவடியிற் படுத்தார். சென்னை மாகாணத்தில் 1947-லும், தேசம் முழுமையிலும் 1952-லும் அச்சட்டம் நீங்கிற்று. பிறப்பாலேயே ஒருவன் குற்றவாளியாவான் என்ற கொள்கை அந்நாளில் கற்றறிந்தாரையும் பற்றியிருந்தது. இத்தாலி தேசத்து லொம்புரோசோ என்னும் வைத்தியர் 1876-இல் வெளியிட்ட நூலில், மண்டையோடும் தாடையும் கண்டு குற்றவாளியை அறியலாம் என்றார். இங்கிலாந்தில் கோரிங் என்பவர் கைதிகள் ஏறக்குறைய மூவாயிரவரை அளந்து பார்த்து, அத்தகைய உடற்குறி யாதும் இல்லையென 1913-இல் நிறுவினார். இவ்விருவர் வாதத்தையும் குற்றவியல் மாணவன் முதலாண்டிலேயே கற்கின்றான். நம் பாட்டனாரைச் சாவடியிற் படுக்கவைத்த எண்ணம் எவ்வாறு எழுந்தது, எவ்வாறு வீழ்ந்தது என்பதை நம் பிள்ளைகளே கற்க வேண்டாவோ?

இனி, படிப்பிற்கு வேண்டுவன யாவை? சமூக இயலைச் சார்ந்த குற்றவியலுக்குப் பெரும்பாலும் எப்பிரிவில் தேறியவரும் சேரலாம். தடயவியலோடு கூடியதாயின் பௌதிகம், இரசாயனம் முதலியவற்றை மேனிலையிற் கற்றிருத்தல் வேண்டும். காந்திநகரைத் தலைமையிடமாகக் கொண்டு, 2020-இல் பார்லிமெண்டுச் சட்டத்தால் அமைந்த தேசியத் தடய அறிவியல் சர்வகலாசாலை இவ்வகைக்கு உதாரணம். மூன்றாண்டுப் பட்டத்திற்கு 120 மதிப்பலகுகளும், நான்காண்டுச் சிறப்புப் பட்டத்திற்கு 160 மதிப்பலகுகளும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் ஒரு வரைவை வெளியிட்டது. கலாசாலைக்குக் கலாசாலை கணக்கு வேறுபடும். குற்றத்தின் காரணங்கள், தண்டனைச் சட்டம், போலீஸ், நீதிமன்றம், சிறை, இளஞ்சிறார் நீதி, பாதிக்கப்பட்டோர் நிலை, மனோதத்துவம் ஆகியன பாடங்கள். 1860-ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தை மனப்பாடம் செய்த என் போன்றோரும் மீண்டும் மாணவராயினோம். 2024 ஜூலை முதல் தேதி பாரதிய நியாய சன்ஹிதா அதனிடத்தில் அமர்ந்துவிட்டது.

பலர் அஞ்சும் பாடம் ஒன்றுண்டு, அது புள்ளியியல். கணக்கிலிருந்து தப்பவே கலைப்பட்டம் எடுத்தோம் என்பார்க்கு இப்படிப்பு உதவாது. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் குற்றத் தொகுப்பு 1953-ஆம் ஆண்டுக் கணக்கு முதலாக வெளிவருகின்றது. அதில் உள்ளவை பதிவான குற்றங்களே. நிகழ்ந்த குற்றங்கள் அனைத்துமல்ல. வரும் புகார்களையெல்லாம் நேர்மையாகப் பதியும் ஸ்டேஷனில் தொகை கூடும். புகார்தாரரை விரட்டும் ஸ்டேஷனில் தொகை குறையும். மேலாகப் பார்ப்பவன் முன்னதைக் கெட்ட ஊரென்பான். ஒரு வகுப்பாரைப் பற்றி எவரேனும் எண்ணைக் காட்டிப் பழி கூறினால், அவ்வெண் எங்கிருந்து வந்ததென்று கேட்கும் திறம் இப்பாடத்தால் உண்டாகும்.

உத்தியோகம் பற்றி ஒளிவின்றிக் கூறவேண்டும். என் உறவினர் மகன் ஒருவன் இரசாயனம் கல்லாமலே குற்றவியற் பட்டம் பெற்று, தடயச் சோதனைச்சாலையில் வேலை கிடைக்கும் என நம்பி மூன்றாண்டு கழித்தான். விஞ்ஞானப் பட்டதாரிகளையே அங்கு எடுப்பர் என்று அவனுக்கு எவரும் முன்னே கூறவில்லை. அவன் தந்தையார் விற்ற நிலம் திரும்பி வரவில்லை. சப்-இன்ஸ்பெக்டர் பரீட்சைக்கு யாதானும் ஒரு பட்டம் போதும். ஆதலின் அதற்கெனவே இதனைக் கற்கவேண்டுவதில்லை. வக்கீலாக விரும்புவோர் இதன்பின் மூன்றாண்டு சட்டம் பயிலவேண்டும். சிறைகளில் நலப்பணி, 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நன்னடத்தைக் கண்காணிப்பு, சிறார் இல்லப் பணி ஆகியவற்றிற்கு இக்கல்வி பெரிதும் பொருந்தும். ஆயினும் பலவற்றிற்குத் தேர்வும், சிலவற்றிற்கு மேற்பட்டமும் வேண்டும். மற்றொன்று: ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றங்களில் தடய நிபுணர் நேரே நிகழிடம் செல்லவேண்டும் என்று புதிய நடைமுறைச் சட்டம் விதிக்கின்றது, இதனை ஐந்தாண்டுக்குள் நடைமுறைக்குக் கொணர மாநிலங்களுக்குத் தவணை உண்டு. விஞ்ஞானம் கற்ற பிள்ளைகள் இதனைக் கவனிப்பார்களாக.

பெண்மக்களுக்கு இது தகுமோ என வினவும் தாய்மார்க்கு ஒன்று. இளைஞர் நீதிக் குழுமத்தில் ஒரு நீதிபதியும் இரு சமூகப் பணியாளரும் அமர்வர். அவ்விருவருள் ஒருவரேனும் பெண்ணாதல் வேண்டும் என்பது 2015-ஆம் ஆண்டுச் சட்டம்.

விண்ணப்பம் இடுமுன் அந்தந்தக் கலாசாலையின் பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்குங்கள். சிறைக்கும் சிறார் இல்லத்திற்கும் மாணவரை அழைத்துச் செல்கின்றார்களா, புள்ளியியல் கற்பிக்க ஆசிரியர் உளரா என்று வினவுங்கள். ஞாயிறு மாலைதோறும் யான் சங்கக் காரியாலயத்தில் இருப்பேன். மதிப்பெண் சான்றிதழோடு பிள்ளைகள் வந்தால், எப்பிரிவு அவர்களுக்குப் பொருந்தும் என்று உடனிருந்து பார்க்கலாம். அந்த அம்மையாரும் தம் மகளை அழைத்து வருவதாகச் சொல்லியிருக்கின்றார்.