பிரிந்த தம்பதிகளும் பிள்ளைகளின் பள்ளிக்கூடமும்

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



விவாகரத்து என்னும் சொல்லை இம்மேடையில் உச்சரிப்பதும் தகாதென்று எண்ணுவோர் நம்முள் சிலர் உளர். ஆயினும், மறைத்து வைப்பதனால் நோய் நீங்குவதில்லை. ஹிந்து விவாகச் சட்டம் 1955-ஆம் ஆண்டில் ஏற்பட்டது. இருவரும் மனமொத்துப் பிரிதற்கு 1976-ஆம் ஆண்டுத் திருத்தம் வழிசெய்தது. நம் குடும்பங்களிலும் இவ்வழியை நாடினோர் உண்டு. ஆதலின், பிரிவு நன்றோ தீதோ என்னும் விவாதத்தை விடுத்து, பிரிவு நேர்ந்த வீட்டிற் பிள்ளைகளின் கல்வி கெடாதிருக்கும் வகையையே இன்று ஆராயப் புகுந்தோம். அதிலும், பிள்ளைகள் பயிலும் தனியார் பள்ளியிலேயே தாய் ஆசிரியையாக அமர்ந்திருக்கும் குடும்பத்தைக் குறித்தே பேசுகின்றோம். தந்தை ஆசிரியராயினும் இது பொருந்தும்.

நம் பெண்மக்களுள் பலர் இங்ஙனம் உத்தியோகம் பார்க்கின்றனர். சம்பளம் சொற்பமாயினும், பல பள்ளிகளில் ஆசிரியர்தம் பிள்ளைகளுக்குக் கட்டணச் சலுகை உண்டு. தாயும் பிள்ளையும் ஒருங்கே போய் ஒருங்கே வரலாம். இல்லறம் இனிது நடக்குங்கால் இது பெரும் வசதி. பிணக்கு நேர்ந்தாலோ, தாயின் ஜீவனமும், பிள்ளையின் படிப்பும், அதன் தோழமையும் ஒரே கயிற்றிற் கட்டுண்டு கிடக்கின்றன. அதை ஒருவர் அறுப்பின் அனைத்தும் ஒருசேர வீழும்.

இதனை உணராத கணவன் வீட்டார் சிலர், பள்ளி நிர்வாகியிடம் சென்று ஆசிரியையின்மீது குறைகூறுகின்றனர். நிர்வாகிக்கு அறிமுகமான சமூகப் பெரியோர் இருப்பின் அவரையும் உடன் அழைக்கின்றனர். அவள் வேலை இழந்தால், பிள்ளையின் முழுக் கட்டணத்தோடு மிகுதியான ஜீவனாம்சமும் தம் தலைமேல் விழக்கூடுமென்பதை அவர்கள் சிந்திப்பதில்லை. நுனிக்கொம்பிலிருந்து அடிக்கொம்பை வெட்டுவதன்றோ இது? பிள்ளையோ ஒரே நாளில் வீட்டையும் பள்ளியையும் இழக்கின்றது.

ஆசிரியையாகிய தாய்க்கும் கடமை உண்டு. பள்ளியினுள் தனக்குள்ள செல்வாக்கைக் கொண்டு தந்தையைப் பெற்றோர் கூட்டத்துக்கு வாராமற் செய்வதும், மதிப்பெண் அறிக்கையை மறைப்பதும், உடன் பணிபுரிவோரிடம் வழக்கின் செய்திகளைப் பரப்புவதும் தகா. வேறு பிரிவு இருப்பின், தன் பிள்ளையைத் தன் வகுப்பில் வையாதிருக்கும்படி தானே கேட்டுக்கொள்வது நன்று.

சட்டம் இவ்விஷயத்திற் கைவிடவில்லை. மேற்படி விவாகச் சட்டத்தின் 26-ஆம் பிரிவின்படி, பிள்ளைகளின் பராமரிப்பு, போஷணை, கல்வி ஆகியவற்றைக் குறித்து வழக்கு நடக்கும்போதே நீதிமன்றம் உத்தரவிடலாம். தீர்ப்புக்குப் பின்னரும் அதனை மாற்றலாம். போஷணைக்கும் கல்விக்குமான இடைக்கால மனுவை, இயன்றவரை எதிர்தரப்புக்கு நோட்டீசு சேர்ந்த 60 நாட்களுள் முடித்தல் வேண்டும். 1984-ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டப்படி, இருவருள் ஒருவர் விரும்பினாலும் விசாரணை பிறர் அறியாவண்ணம் தனியறையில் நடைபெறும். ஊரறியத் தொழில் செய்யும் ஆசிரியைக்கு இது பெரியதொரு காப்பு.

ஆகவே, மனமொத்துப் பிரிவோர் தம் உடன்படிக்கையிற் பள்ளியைக் குறித்துச் சில விதிகளைத் தெளிவாக எழுதிக்கொள்வாராக. சலுகை நின்றுபோயின் கட்டணத்தை எவர், எவ்வளவு செலுத்துவது? பிள்ளையை எந்நாளில் எவர், எவ்விடத்திலிருந்து அழைத்துச் செல்வது? பள்ளியின் அறிவிப்புகளும் மதிப்பெண்களும் இருவருக்கும் சேர்வது எவ்வாறு? பெற்றோர் கூட்டத்துக்கு இருவரும் சேர்ந்து செல்வதா, வெவ்வேறு வேளையிற் செல்வதா? ஆண்டின் நடுவே ஒருவர் தனித்துப் பள்ளியை மாற்றுவதில்லையென்னும் உறுதியும் வேண்டும். அவ்வுடன்படிக்கை நீதிமன்றத்தில் ஏற்கப்பட்டபின், பள்ளிக்குத் தேவையான பகுதியை மட்டும் நிர்வாகியிடம் அளித்தாற் போதும். குடும்பக் கதை முழுவதும் அங்குச் செல்லவேண்டுவதில்லை.

இறுதியாக நம் பெரியோருக்கு ஒரு விண்ணப்பம். பஞ்சாயத்துப் பேச வேண்டின் வீட்டுத் திண்ணையிற் பேசுங்கள். பள்ளியின் வாயிற்படியை மிதியாதீர்கள். கணவனும் மனைவியும் பிரியலாம். அவர்கள் தாயும் தந்தையுமாயிருப்பது என்றும் நீங்காது. அப்பிள்ளைக்கு எஞ்சியிருக்கும் நிலையான இடம் அதன் வகுப்பறையொன்றே. அதனைக் காப்பது நம் அனைவரின் கடமையென்று கூறி, இத்துடன் அமர்கின்றோம்.