மெட்டில்லாத பேஸ் கிட்டார்



இன்று நான் பேசப்போகும் ஒலியை உங்கள் வானொலிப் பெட்டியால் முழுசாகத் தர முடியாது. பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி விநாடிக்கு 41 தடவை அதிர்கிறது. உள்ளங்கை அகல ஸ்பீக்கர் அவ்வளவு கீழே இறங்காது. இருந்தும் சினிமாப் பாட்டில் பேஸ் உங்களுக்குக் கேட்கிறதல்லவா? அந்தக் கம்பி 41-ஓடு நிற்பதில்லை; 82, 123, 164 என்று அதன் மடங்குகளையும் கூடவே எழுப்புகிறது. அந்த மடங்குகள் காதில் விழுந்தால் போதும், அடியில் இருக்க வேண்டியதை மூளையே நிரப்பிக்கொள்கிறது. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்திருங்கள், பிறகு தேவைப்படும்.

கோலார் தங்கவயலில் கிட்டாருக்குப் பஞ்சம் இருந்ததில்லை. 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி சுரங்கம் தோண்ட வந்தது; கிளப்பும் நடன மேடையும் பியானோவும் பின்னாலேயே வந்துவிட்டன. ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் வாசித்ததைத் தமிழ்ப் பிள்ளைகள் கேட்டு வளர்ந்தார்கள். 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. வேலை போனது, பாட்டு போகவில்லை. ராபர்ட்சன்பேட்டை, சாம்பியன் ரீஃப் பக்கம் சர்ச்சுகளில் இன்றும் கிட்டார் இருக்கிறது. மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்கு ரயிலேறும் பையன்களில் தோளில் கிட்டார் பை மாட்டியவர்களையும் பார்க்கலாம். அவர்களில் யாராவது ஒருவர் ஆசைப்பட்டு ஃபிரெட்லெஸ், அதாவது மெட்டில்லாத, பேஸ் வாங்குவார். வாங்கிய கொஞ்ச நாளில் வரும் புகார் ஒன்றுதான்: "அண்ணா, அந்த சவுண்டு வரமாட்டேங்குது." அந்தத் தம்பிகளை மனதில் வைத்துத்தான் இந்தப் பேச்சு. கிட்டார் தொடாதவர்களும் கேட்கலாம்.

வீணையில் மெட்டு என்கிறோமே, கிட்டாரில் அதுதான் ஃபிரெட். விரல் கொஞ்சம் முன்னே பின்னே விழுந்தாலும் சுரம் பிசகாமல் காப்பாற்றும் உலோகக் குறுக்குக் கட்டை. 1951-இல் லியோ ஃபெண்டர் தன் பேஸ் கிட்டாருக்கு 'பிரிசிஷன்' என்று பேர் வைத்ததே இதற்காகத்தான். அதுவரை ஆள் உயர டபுள் பேஸில் விரலால் சுரத்தைத் தேடிக்கொண்டிருந்தவர்களுக்கு மெட்டு இருக்கும் கருவி ஒரு விடுதலை. அந்த விடுதலை வந்து பத்து வருஷத்தில் மெட்டைப் பிடுங்க ஆரம்பித்துவிட்டார்கள். ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் பில் வைமன் 1961-இல் ஒரு மலிவான பேஸை வாங்கி மெட்டுகளைக் கழற்றிவிட்டு வாசித்தார். ஆம்பெக் கம்பெனி 1966-இலும் ஃபெண்டர் 1970-இலும் மெட்டில்லாத பேஸை விற்பனைக்கே கொண்டுவந்தன. ஆனாலும் உலகத்தின் காதைத் திருப்பியவர் ஜாகோ பஸ்டோரியஸ். 1976-இல் அவருடைய முதல் இசைத்தட்டு வந்தபோது, பேஸ் கிட்டார் இப்படிப் பாடுமா என்று அனுபவஸ்தர்களே திகைத்தார்கள்.

தம்பிகள் செய்யும் முதல் தவறு ஜாகோவின் பெட்டியைத் தேடுவது. என்ன ஆம்ப், என்ன பெடல், என்ன பிக்கப் என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். விரல் எங்கே விழுகிறது என்று பார்ப்பதில்லை.

மெட்டுள்ள கிட்டாரில் மெட்டுக்குச் சற்றுப் பின்னால் அழுத்துவோம். கம்பியை அளப்பது மெட்டு. விரலுக்கு அழுத்துகிற வேலை மட்டும்தான். மெட்டில்லாததில் விரலே மெட்டு. பழைய பழக்கத்தில் பின்னால் அழுத்தினால் கம்பி நீண்டுவிடும், சுரம் சற்று இறங்கி விழும். மெட்டு இருக்கவேண்டிய இடத்தில் கோடு போட்ட பலகையானால் விரல் நுனியின் நடு சரியாகக் கோட்டின் மேலேயே உட்கார வேண்டும். மேலிருந்து சாய்ந்து பார்க்கும்போது கோடு நகர்ந்தமாதிரி தெரியும், அதனால் கண்ணையும் முழுக்க நம்ப முடியாது.

கணக்கைச் சொன்னால் விஷயம் எவ்வளவு பொல்லாதது என்று புரியும். சாதாரண பேஸில் கம்பியின் நீளம் 34 அங்குலம், ஏறக்குறைய 86 சென்டிமீட்டர். தலைப்பக்கம் ஓர் அரைச்சுரத்துக்கு 48 மில்லிமீட்டர் இடம் கிடைக்கிறது. கம்பியின் பாதிக்கு, அதாவது மேல் ஸட்ஜத்துக்கு வந்தால் அதே அரைச்சுரத்துக்கு 24 மில்லிமீட்டர்தான். விரல் நுனியே ஒன்றரை சென்டிமீட்டர் அகலம். அங்கே ஐந்து மில்லிமீட்டர் உருண்டால் அரைச்சுரத்தில் ஐந்தில் ஒரு பங்கு போயிற்று. அதைக் கேட்கிறவர்கள் "சுருதி சேரவில்லை" என்று சொல்லமாட்டார்கள். "டோன் நல்லாயில்லை" என்பார்கள். டோன் பற்றிய குறைகளில் பாதி உண்மையில் சுருதிக் குறை என்பது என் கட்சி.

சுருதி நின்ற பிறகுதான் எல்லோரும் தேடுகிற அந்த 'ம்வா' என்ற ஓசை. மீட்டியதும் கொஞ்சம் வாயை மூடினமாதிரி தொடங்கி, மெல்லத் திறந்து, மனிதக் குரல்போல நீளும். மெட்டுள்ள கிட்டாரில் கம்பி மெட்டின் கூர்மையான முனையில் நின்று அதிர்கிறது. இங்கே தட்டையான மரத்திலிருந்து மிகச் சாய்வான கோணத்தில் கிளம்புகிறது. அதிரும்போது விரலுக்கு முன்னால் உள்ள மரத்தை லேசாகத் தொட்டுத் தொட்டு விலகுகிறது. அந்த உரசல்தான் மேல் மடங்குகளைக் கிளப்பி ஓசையைப் பாடவைக்கிறது. ஆகவே கம்பி பலகையிலிருந்து உயரமாக நின்றால் 'ம்வா' வராது. ஒரேயடியாகத் தாழ்ந்தால் கரகரப்புத்தான் மிஞ்சும். கழுத்துக்குள் இருந்து அதன் வளைவை மாற்றும் உலோகத் தண்டான டிரஸ் ராடைக் கால் திருப்புக்கு மேல் ஒரே தடவையில் திருப்பாமல், கழுத்து கிட்டத்தட்ட நேராக வரும்வரை சரிசெய்ய வேண்டும். மழைக்காலத்தில் ஒன்று, கோடையில் ஒன்று என்று மரம் குணம் மாறும். பருவம் மாறும்போது மறுபடி பாருங்கள்.

மரம் என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. உலகமெங்கும் கிட்டார் விரல் பலகைக்குப் போகும் இந்திய ரோஸ்வுட் நம்முடைய ஈட்டி மரம்தான். கர்நாடகம், கேரளம், தமிழ்நாடு மலைக்காடுகளில் வளர்வது. அமெரிக்காவில் செய்த கிட்டாரைப் பெருமையாகத் தடவிப் பார்க்கிற பையனுக்கு, விரலுக்குக் கீழே குடகு மரம் இருக்கலாம் என்று யாரும் சொல்வதில்லை.

ஈட்டி மரம் கருங்காலி அளவுக்குக் கடினமல்ல. சுருள் வரி தெரியும் ரவுண்ட்வுண்ட் கம்பி போட்டால் 'ம்வா' தெளிவாக வரும், கூடவே பலகையை அரம்போல் அரித்துவிடும். ஜாகோ அந்தக் கம்பியைத்தான் போட்டார். மரம் தேயாமலிருக்கப் படகுக்குப் பூசும் எபாக்ஸியைப் பலகையில் பூசிக்கொண்டார். எபாக்ஸி வசதி இல்லாதவர்கள் வழவழப்பான ஃபிளாட்வுண்ட் கம்பி போடலாம். ஓசை கொஞ்சம் மந்தமாகும், டபுள் பேஸ் வாசனை வரும். அது குறையல்ல, வேறு குரல்.

இப்போது தொடக்கத்தில் சொன்ன 41-க்கு வருகிறேன். பேஸ் கிட்டார்தானே என்று ஆம்பில் 'பேஸ்' குமிழை முழுக்கத் திருப்புகிறார்கள். அறை அதிரும், ஆனால் சுரம் கேட்காது. தங்கவயல்காரர்களுக்கு அடியிலிருந்து வரும் அதிர்வு புதிதல்ல. மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழமான சுரங்கத்தில் பாறை வெடித்தபோதெல்லாம் மேலே வீட்டில் பாத்திரங்கள் ஆடிய காலம் உண்டு. இசைக்கு அந்த அதிர்வு வேண்டாம். அடி ஓசையை மூளையே நிரப்பிக்கொள்ளும்; ஃபிரெட்லெஸ்ஸின் உயிர், அந்த மடங்குகள் கேட்கும் நடுப்பகுதி ஓசையில் இருக்கிறது. பேஸ் குமிழைக் குறையுங்கள், 'மிட்' குமிழை ஏற்றுங்கள், கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப்புகளில் பிரிட்ஜ் பக்கத்ததை அதிகமாகத் திறந்துவிடுங்கள், வலக்கை விரலையும் அந்தப் பக்கம் நகர்த்தி மென்மையாக மீட்டுங்கள். ஒற்றைப் பிக்கப்பை மட்டும் திறந்தால் சில கருவிகளில் ஆம்பிலிருந்து 'ங்ங்' என்ற முணுமுணுப்பு வரும். 1902-லேயே சிவனசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்த ஊர் தங்கவயல். இருந்தும் பழைய சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளில் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்த்துவிடுவது உடம்புக்கும் நல்லது, ஓசைக்கும் நல்லது.

நமக்கு ஒரு சாதகம் இருக்கிறது. மெட்டில்லாத வாத்தியம் நம் காதுக்குப் புதிதல்ல. திருவிடைமருதூர் சகாராம ராவ் பரப்பிய கோட்டு வாத்தியத்தில் மெட்டே கிடையாது; கம்பியின் மேல் ஒரு கட்டையை வழுக்கித்தான் சுரம் பிடிப்பார்கள். கமகம் கேட்டு வளர்ந்த காதுக்கு, இரண்டு சுரங்களுக்கு நடுவே நடப்பது தெரியும். அதே சாதகம் வினையாகவும் மாறுகிறது. கையில் ஃபிரெட்லெஸ் கிடைத்ததும் ஒவ்வொரு சுரத்துக்கும் வழுக்கி வழுக்கிப் போகிறார்கள். பாடகர் ஒரு பக்கம் கமகம், பேஸ் ஒரு பக்கம் கமகம் என்றால் பாட்டுக்கு நிற்க இடம் ஏது? கோட்டு வாத்தியத்தில் அழகே, போய்ச் சேர்ந்த சுரத்தில் கட்டை அசையாமல் நிற்பதுதான். பேஸிலும் அப்படியே. நேராகப் போய் நில்லுங்கள். நின்ற பிறகு, நீளமான சுரமாக இருந்தால் மட்டும், வயலின்காரர்போலக் கம்பியின் நீளவாக்கில் விரலை மெல்ல உருட்டுங்கள். குறுக்கே இழுத்தால் பலன் குறைவு, பலகையும் தேயும்.

பயிற்சிக்குச் சுருதிப் பெட்டி போதும். அதை ஓடவிட்டு ஸட்ஜம், பஞ்சமம், மேல் ஸட்ஜம் மூன்றையும் கண்ணை மூடிக்கொண்டு மெதுவாகப் பிடியுங்கள். சுருதியோடு சேராதபோது ஓர் அலை துடிக்கும். சேரச் சேர அந்தத் துடிப்பு மெதுவாகி அடங்கும். காந்தாரம், நிஷாதம் எல்லாம் அதற்கப்புறம். இந்த மூன்றும் நிற்காத கைக்கு எந்தப் பெடலும் உதவாது.

தங்கவயல் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை புது பெடல் கேட்டால் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். அந்தப் பணத்தில் ஒரு செட் நல்ல கம்பியும் ஒரு சுருதிப் பெட்டியும் வாங்கிக் கொடுங்கள். சர்ச்சில் பாடகர் குழுவோடு ஞாயிற்றுக்கிழமை வாசிக்க இடம் கிடைத்தால் தடுக்காமல் அனுப்பிவையுங்கள். நாலு குரலோடு சேர்ந்து வாசிக்கும்போது பிசகிய சுரம் தன்னை உடனே காட்டிக்கொடுத்துவிடும்.