பொதுக் கணினி யாருக்குப் பொது?

(காட்கோபரில் கட்சி உறுப்பினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



ரேஷன் கடைக்காகவும் மாநகராட்சிப் பள்ளிக்காகவும் போராடும் நம்மிடையே மீத்திறன் கணினியைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் கேட்கலாம். புயலின் பாதையைக் கணிப்பதற்கும், ஒரு மருந்தின் மூலக்கூறு நோய்க்கிருமியின் புரதத்தோடு பொருந்துமா எனச் சோதிப்பதற்கும் இன்று அத்தகைய கணினிகள் தேவைப்படுகின்றன. அவை மக்களின் வரிப்பணத்தில் நிறுவப்பட்டவை. ஆகவே அவற்றை யார் பயன்படுத்துகிறார்கள் என்பது நம்முடைய கேள்வியே.

இதில் நம் மும்பைக்கு ஒரு மரபு உண்டு. இந்தியாவிலேயே வடிவமைக்கப்பட்ட தொடக்ககாலக் கணினியான டிஃப்ராக், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் 1960ஆம் ஆண்டு செயல்படத் தொடங்கியது. 1964இல் அங்கே நிறுவப்பட்ட சிடிசி 3600 அந்நிறுவனத்தாருக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. பிற பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்களும் தம் கணக்குகளை அதில் இயக்கினர். பின்னர் 1980களில் உயர்திறன் கிரே கணினியைத் தர அமெரிக்கா மறுத்தது. அரசு 1988இல் புனேயில் சி-டாக் நிறுவனத்தைத் தொடங்கியது. 1991இல் பரம் 8000 உருவாயிற்று. பொதுத்துறையின் ஆற்றலுக்கு வேறு சான்று வேண்டியதில்லை.

2015இல் 4,500 கோடி ரூபாயில் தேசிய மீத்திறன் கணினி இயக்கம் அறிவிக்கப்பட்டது. ஏழு ஆண்டுகளில் 70க்கும் மேற்பட்ட கணினிகள் என்பது இலக்கு. 2025 மார்ச் மாதத்தில் அரசு தந்த கணக்கு 34. அவற்றின் பயன்பாடு 85 விழுக்காட்டைத் தாண்டுகிறது; அதாவது இயந்திரங்கள் சும்மா இருக்கவில்லை, இடம்தான் போதவில்லை. பயனடைந்தவை 200க்கும் மேற்பட்ட கல்வி நிறுவனங்கள் என்கிறது அரசு. நாட்டிலுள்ள பல்கலைக்கழகங்களோ ஆயிரத்துக்கும் மேல்.

திருச்சி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் 2022இல் நிறுவப்பட்ட கணினியின் பெயர் பரம் பொருள். பொருள் என்றால் செல்வம். எவருடைய செல்வம்? தாராவியின் ஒற்றை அறை வீட்டிலிருந்து, குடும்பத்தில் முதன்முதலாக முனைவர் பட்ட ஆய்வுக்குச் சென்ற மாணவியை எண்ணிப் பாருங்கள். குரோமாக்ஸ் போன்ற கட்டற்ற மென்பொருள் அவருக்கு விலையின்றிக் கிடைக்கிறது. ஆனால் அதை இயக்கக் கணினி நேரம் வேண்டும். லினக்ஸ் கட்டளைகள் தெரிய வேண்டும். தடுமாறும்போது கேட்பதற்கு ஒருவர் வேண்டும். பெரிய நிறுவனத்தில் இவை மூன்றும் பக்கத்து அறையில் உள்ளன. மாநிலப் பல்கலைக்கழகத்தில் பெரும்பாலும் இல்லை.

அரசோ வேறு வழியில் செல்கிறது. 2024இல் 10,372 கோடி ரூபாயில் அறிவித்த செயற்கை நுண்ணறிவு இயக்கத்தில், தனியார் நிறுவனங்களின் கணினிகளை வாடகைக்கு எடுத்து, அவ்வாடகையில் 40 விழுக்காடு வரை மானியம் தருகிறது. வாடகை எவ்வளவு காலம் கட்டினாலும் வீடு நமதாகாது, தோழர்களே. இதைக் காட்கோபர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

ஆகவே நாம் கோர வேண்டியவை: மீதமுள்ள கணினிகளைப் பொதுத்துறையிலேயே நிறுவுக. ஒவ்வொன்றிலும் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்குக் கட்டணமின்றி நேரம் ஒதுக்குக. வழிகாட்டும் பணியாளர்களை நிரந்தரமாக நியமிக்குக. கையேடுகளைத் தமிழிலும் மராத்தியிலும் வெளியிடுக. மொழிபெயர்ப்புப் பணி செய்பவன் என்ற முறையில், அது இயலாத செயலன்று என உறுதி கூறுவேன்.

உழைப்பவர் பணத்தில் எழுந்த கருவி, உழைப்பவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு எட்ட வேண்டும்.